'மூர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? நாம் எங்கிருந்து வந்தோம்? இரண்டும் ஒரே கேள்வி இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

நமது பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் இனம் என்ற கூட்டில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுகிறார்கள். சிங்களத்தில் 'லங்கா யோனக'. ஆங்கிலத்தில் 'ஸ்ரீலங்கன் மூர்'. மூன்றும் குறிப்பது ஒரே மக்களைத்தான். ஆனால் தமிழ்ச் சொல்லும் சிங்களச் சொல்லும் ஒரு வேரில் முளைத்தவை. ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு, ஊர் வேறு, கண்டமே வேறு.

வகுப்பில் பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள்: "சேர், மூர் என்றால் மொரோக்கோவா? அப்ப நாங்க மொரோக்கோ ஆக்களா?" முகநூலில் வேறு சிலர் வேறு தொனியில் கேட்கிறார்கள்: "நீங்கள் மூர்கள்தானே, வந்த இடத்துக்கே போக வேண்டியதுதானே?" பிள்ளையின் கேள்வியில் ஆவல் இருக்கிறது. மற்றதில் வேறு நோக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல் நடந்து வந்த பாதையை முதலில் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

*ஆபிரிக்காவில் பிறந்த சொல்*

இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. இன்றைய மொரோக்கோவின் வடபகுதியிலும் அல்ஜீரியாவின் மேற்கு, மத்திய பகுதிகளிலும் வாழ்ந்த மக்களை ரோமர்கள் 'மௌரி' என்று அழைத்தார்கள். ஒருமையில் 'மௌருஸ்'. கிரேக்கர்கள் 'மௌரூசியோய்' என்றார்கள். அந்த மக்களின் நாடு 'மௌரித்தானியா'. அவர்கள் இன்று நாம் பெர்பர் அல்லது அமாசிக் என்று சொல்லும் மக்களின் முன்னோர்.

அந்த நாட்டின் கடைசி மன்னரான தொலமியை ரோமப் பேரரசர் கலிகுலா கி.பி. 40இல் கொல்வித்தார். அடுத்து வந்த குளோடியஸ் நாட்டை இரண்டு ரோம மாகாணங்களாகப் பிரித்தார். அவற்றில் மேற்கு மாகாணத்தின் பெயர் மௌரித்தானியா திங்கித்தானா. 'திங்கிஸ்' என்ற நகரத்தை வைத்து அந்தப் பெயர். அந்த நகரம்தான் இன்றைய தஞ்சா. இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இங்கே இரண்டு விடயங்களைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இன்றைய மொரிட்டானியா நாடு பழைய மௌரித்தானியாவுக்கு மிகவும் தெற்கே இருக்கிறது. பழைய பெயரைப் பிரெஞ்சுக்காரர் இருபதாம் நூற்றாண்டில் எடுத்து வேறொரு நிலத்துக்கு வைத்தார்கள். இரண்டு, 'மொரோக்கோ' என்ற பெயர் 'மூர்' என்பதிலிருந்து வரவில்லை. அது மராகேஷ் நகரின் பெயர் ஐரோப்பியர் வாயில் திரிந்த வடிவம். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

ஆக, முதல் கட்டத்தில் இந்தச் சொல்லில் மதம் இல்லை. ஒரு நிலத்து மக்களின் பெயர், அவ்வளவுதான்.

*ஸ்பெயினில் மாறிய பொருள்*

711ஆம் ஆண்டு தாரிக் பின் ஸியாத் கடலைக் கடந்து ஸ்பெயினில் இறங்கினார். அவர் பெயரால்தான் ஜபல் தாரிக், அதாவது ஜிப்ரால்டர். அவருடைய படையில் பெரும்பாலானோர் பெர்பர்கள். அந்த மண்ணின் கிறிஸ்தவர்களுக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வருபவர் 'மௌரி' என்பது பழகிய பெயர். அதே பெயரால் அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் அது 'மோரோ' ஆனது, போர்த்துக்கேய மொழியில் 'மௌரோ' ஆனது.

ஆனால் அந்தலூஸில் வாழ்ந்த முஸ்லிம்கள் எல்லோரும் பெர்பர்கள் அல்லர். அரபிகள் இருந்தார்கள். அவர்களை விட அதிகமாக அந்த மண்ணிலேயே பிறந்து இஸ்லாத்தை ஏற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் எல்லாம் ஸ்பெயின்காரர். அவர்களையும் 'மோரோ' என்றே அழைத்தார்கள். ஒரு நிலத்து மக்களின் பெயர் ஒரு மதத்தவரின் பெயராக மாறியது இப்படித்தான்.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. சில ஆண்டுகளில் முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். மாறியவர்களுக்கு 'மொரிஸ்கோ' என்று புதிய பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானம் பெற்றும் பழைய பெயரின் வால் அவர்களை விடவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். பெயர் ஒருவரை எப்படி அந்நியராக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

*ஐரோப்பாவெங்கும் ஒரே சொல், பல பொருள்*

ஸ்பெயினுக்கு வெளியே போன இடமெல்லாம் இந்தச் சொல் புதுப் பொருள் எடுத்தது.

ஸ்பானிய மொழியில் 'மொரேனோ' என்றால் மாநிறம், கருங்கூந்தல். அது 'மோரோ'விலிருந்து வந்தது. "கரையில் மோரோக்கள் இருக்கிறார்கள்" என்று ஸ்பானியர் இன்றும் சொல்வார்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேச்சைப் பார்த்துப் பேசு என்று பொருள்.

போர்த்துக்கேய மொழியில் 'மௌரெஜார்' என்ற வினைச்சொல் இருக்கிறது. மாடாய் உழைத்தல் என்று நாம் சொல்கிறோமே, அது. மூரைப் போல் உழைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். லிஸ்பனில் தோற்ற முஸ்லிம்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதியின் பெயர் 'மௌராரியா'. அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

ஜேர்மன் மொழியில் 'மோர்' என்றால் கறுப்பு நிற மனிதர். அங்கே மதப்பொருள் தேய்ந்து நிறப்பொருள் மேலெழுந்தது. பேர்லின் நகரில் 'மோரென்ஸ்திராஸ' என்ற தெருவின் பெயர் கறுப்பின மக்களை இழிவுபடுத்துகிறது என்று நீண்ட காலம் எதிர்ப்பு இருந்தது. 2020இல் அப்பகுதிச் சபை அந்தப் பெயரை நீக்கித் தெருவுக்கு அன்டன் வில்ஹெல்ம் ஆமோவின் பெயரை வைக்கத் தீர்மானித்தது. இன்றைய கானாவில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் கற்பித்த தத்துவப் பேராசிரியர் அவர்.

ஆங்கிலத்தில்? உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தெரிந்திருக்கும். 1604இல் மேடையேறிய அந்த நாடகத்தின் முழுப் பெயரிலேயே 'வெனிஸ் நகரத்து மூர்' என்று இருக்கிறது. ஆனால் ஒதெல்லோ ஒரு கிறிஸ்தவர். அங்கே மூர் என்பது நிறத்தையும் வெளியூரையும்தான் குறிக்கிறது. ஆங்கிலேயக் கிராமங்களில் சலங்கை கட்டி ஆடும் 'மொரிஸ்' நடனத்தின் பெயரும் 'மூரிஷ்' என்பதன் திரிபே. அந்த ஆட்டக்காரருக்கும் ஆபிரிக்காவுக்கும் இன்று ஒரு தொடர்பும் கிடையாது.

இத்தாலியில் 'மோரோ' குடும்பப் பெயராகவே இருக்கிறது. அல்டோ மோரோ என்று ஒரு பிரதமர் இருந்தார். 'மொரிஸ்' என்ற கிறிஸ்தவ ஆண் பெயரும் மௌருஸ் என்பதன் வழி வந்தது. 1598இல் ஒல்லாந்தர் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை ஓர் இந்து சமுத்திரத் தீவுக்கு வைத்தார்கள். அதுதான் மொரீஷியஸ். நாம் மூர், அவர்கள் மொரீஷியஸ்காரர். சொல்லளவில் ஒன்றுவிட்ட உறவு, இரத்த உறவு எதுவும் இல்லை.

ஒரே சொல் ஓரிடத்தில் மதம், ஓரிடத்தில் நிறம், ஓரிடத்தில் உழைப்பு, ஓரிடத்தில் நடனம், ஓரிடத்தில் ஆள் பெயர். சொல்லை வைத்து ஆளின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? நீங்களே யோசியுங்கள்.

*கடல் வழியாக நம்மிடம்*

1498இல் வாஸ்கோ டகாமா ஆபிரிக்காவைச் சுற்றி வந்தார். மொசாம்பிக்கில் தொழுகிறவர்களைக் கண்டார்கள், 'மௌரோ' என்றார்கள். கள்ளிக்கோட்டையில் கண்டார்கள், அங்கேயும் 'மௌரோ'. பின்னர் மலாக்காவிலும் அதே. மொசாம்பிக் சுவாஹிலிக்காரரும், கள்ளிக்கோட்டை மாப்பிளையும், மலாக்கா மலாய்க்காரரும் மொழியால், நிறத்தால், உடையால் வேறு வேறானவர்கள். போர்த்துக்கேயரின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே பெயர். அவர்கள் யாரிடமும் உன் பாட்டன் எந்த ஊர் என்று கேட்டு இந்தப் பெயரை வைக்கவில்லை. தொழுகை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்னும் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். மலபாரில் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை இரண்டாகப் பிரித்தார்கள். அரபு நாட்டிலிருந்து வந்த வணிகர்களை 'மக்காவின் மௌரோக்கள்' என்றார்கள். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களை 'மௌரோஷ் த தெர்ரா' என்றார்கள். அதன் பொருள் 'மண்ணின் மூர்கள்'. அதாவது மூர் என்றால் வெளிநாட்டார் என்று அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்களே நினைக்கவில்லை. மண்ணின் மைந்தர்களும் மூராக இருக்கலாம் என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

1505இல் லொரென்சோ த அல்மெய்தா இலங்கைக்கு வந்தார். கறுவா வணிகத்தில் முன்னணியில் நின்ற முஸ்லிம்கள் இங்கேயும் அதே பெயரைப் பெற்றார்கள். பெயரோடு பகையும் வந்தது. 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்பது வரலாறு.

அந்த நேரத்தில் போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அரியணையில் இருந்தவர் நான்காம் பிலிப். ஸ்பெயினில் மொரிஸ்கோக்களை வெளியேற்றிய மூன்றாம் பிலிப்பின் மகன். அங்கே தகப்பன் காலத்தில், இங்கே மகன் காலத்தில். உலகின் இரண்டு மூலைகளில், ஒரே பெயரைச் சுமந்தவர்களுக்கு ஒரே கட்டளை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே அடைக்கலம் கொடுக்க ஒரு பௌத்த மன்னர் இருந்தார். இந்தப் பகுதியை மட்டுமாவது நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னர் வந்த ஒல்லாந்தர் அதே சொல்லை 'மோர்' என்று எழுதி, மூர்களையும் செட்டிகளையும் அந்நியர் என்று வகுத்து 'ஊழியம்' என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். ஆங்கிலேயர் அதே சொல்லைத் தங்கள் எழுத்தில் பதிவேட்டிலும் குடிசன மதிப்பீட்டிலும் எழுதினார்கள். அதுவே இன்றுவரை தொடர்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகராகப் பதிவானோர் 18 இலட்சத்துக்கும் மேல்.

*உண்மையான மூர் ஒருவர் வந்தார்*

தஞ்சா என்ற ஊரை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அந்த ஊரில் பிறந்த ஒருவர் 1344இல் இலங்கைக்கு வந்தார். இப்னு பதூதா. பழைய ரோமப் பொருளிலும் ஸ்பானியப் பொருளிலும் அவர் அசல் மூர். புத்தளத்தில் இறங்கினார், பாவாத மலைக்கு ஏறினார், காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார். வழியில் கண்ட முஸ்லிம்களைப் பற்றியும் எழுதினார். ஆனால் அவர்களைத் தன் ஊர்க்காரர் என்று அவர் எங்கும் எழுதவில்லை. மூர் என்ற பெயரும் அவர்களுக்கு அப்போது கிடையாது. அந்தப் பெயர் வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

*சோனகர் மட்டும் நாம் வைத்த பெயரா?*

"மூர் வெள்ளைக்காரன் வைத்த பெயர், சோனகர்தான் நம் சொந்தப் பெயர்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லின் கதையையும் பார்ப்போம்.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் 'அயோனியா' என்ற கிரேக்கப் பகுதி இருந்தது. பாரசீகர் அந்த மக்களை 'யௌன' என்றார்கள். சமஸ்கிருதத்தில் அது 'யவன', பாளியில் 'யோன'. தமிழில் சங்க இலக்கியம் 'யவனர்' என்கிறது. பொன் கொண்டு வந்து மிளகு வாங்கிப் போன மேற்கத்திய வணிகர்கள் அவர்கள். கிரேக்கரும் ரோமரும் வராமல் போய், அதே கடல்வழியில் அரபிகள் வந்தபோது, பழைய பெயர் அவர்களுக்குப் போனது. யோனகர், பிறகு சோனகர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'சோனகன் சாவூர்' என்று ஒருவர் பெயர் வருகிறது.

அரபு மொழியிலும் அதே அயோனியா 'யூனான்' ஆனது. யூனானி வைத்தியம் என்கிறோமே, அந்த யூனானியும் நமது சோனகரும் ஒரு வேர்ச் சொற்கள். கிரேக்க வைத்தியம் என்பதே அதன் பொருள். அதற்காக நாம் கிரேக்கர் என்று யாராவது சொல்வோமா?

அதேபோல, பண்டுகாபய மன்னர் அநுராதபுரத்தில் யோனருக்கு இடம் ஒதுக்கினார் என்று மகாவம்சம் சொல்வதை வைத்து, நாம் அப்போதே இங்கே இருந்தோம் என்று சிலர் எழுதுகிறார்கள். மகாவம்சம் எழுதப்பட்டதே இஸ்லாத்துக்கு முன்பு. அங்கே யோன என்றால் முஸ்லிம் என்று பொருள் கொள்ள முடியாது. நம் பக்கத்து வாதமாக இருந்தாலும் பிழை பிழைதான்.

*சொல்லுக்காக நடந்த வழக்காடல்*

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் 'இலங்கை மூர்களின் இனவியல்' என்ற கட்டுரையை வெளியிட்டார். இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். அது வெறும் ஆராய்ச்சியாக நிற்கவில்லை. சட்டநிருபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. 1889இல் எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். 1907இல் அது நூலாக வந்தது. நமது முன்னோர் அரபிகள் என்பது அவர் வாதத்தின் மையம்.

பின்னர் நமக்குள்ளேயே விவாதம் வந்தது. சேர் ராசிக் பரீத் போன்றோர் சோனகர் என்ற இனப்பெயரில் உறுதியாக நின்றார்கள். கலாநிதி டி. பி. ஜாயா மலாய்ச் சமூகத்தவர். சோனகர் என்றால் அவர் வெளியே, முஸ்லிம் என்றால் உள்ளே. பெயரை மாற்றினால் வீட்டின் அளவே மாறுகிறது.

இவர்கள் யாரையும் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் காலத்தின் தேவை இருந்தது. ஆனால் ஒரு பெயரை வைத்து முழுத் தமிழர் என்றோ முழு அரபி என்றோ முடிவு கட்டுவது வரலாறு ஆகாது. நம் வீடுகளைப் பாருங்கள். பேசுவது தமிழ். கிழக்கில் தாய்வழிக் குடி முறை. தெற்கிந்தியக் கரையோடு மரைக்கார், லெப்பை என்ற பெயர்களின் உறவு. மலையகத்தில் சிங்கள 'கெதர'ப் பெயர் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள். கொழும்பில் கிடைத்த கூபி எழுத்துக் கல்லறைக் கல். காலியில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஒரே வேர் என்றால் இத்தனை கிளை வராது.

*பெயரைத் தமதாக்கியவர்கள்*

பிலிப்பைன்ஸுக்குப் போன ஸ்பானியர் தென்தீவு முஸ்லிம்களுக்கும் 'மோரோ' என்றே பெயர் வைத்தார்கள். வசைச் சொல்லாகவே வைத்தார்கள். அந்த மக்கள் இருபதாம் நூற்றாண்டில் அதையே தமது அடையாளமாக எடுத்தார்கள். 'பங்சா' என்ற மலாய்ச் சொல்லை முன்னால் சேர்த்து 'பங்சமோரோ', அதாவது மோரோ தேசம் என்றார்கள். 2019இல் அந்தப் பெயரிலேயே தன்னாட்சிப் பிரதேசம் உருவானது. பேர்லினில் கறுப்பின மக்கள் அதே சொல்லை வேண்டாம் என்றார்கள். மிந்தனாவோவில் அதே சொல்லை எங்களுடையது என்றார்கள். இரண்டு முடிவுக்கும் அவரவர்க்கு உரிமை உண்டு. முடிவைப் பெயர் சுமக்கிறவரே எடுத்தார் என்பதுதான் முக்கியம்.

நாமும் மூர்ஸ் விளையாட்டுக் கழகம், மூர்ஸ் இஸ்லாமியக் கலாசார நிலையம் என்று அந்தப் பெயரைச் சொந்தமாகப் பாவித்தவர்கள்தான். வைத்துக்கொள்வதா, முஸ்லிம் என்று மட்டும் சொல்வதா என்பதை நாம் பேசித் தீர்மானிக்கலாம். அதில் அவசரமில்லை.

அவசரமானது வேறு. நாளை ஒருவர் உங்கள் பிள்ளையிடம் "மூர்தானே, எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டால் அது தலை குனியவும் கூடாது, சண்டைக்குப் போகவும் கூடாது. இப்படிச் சொல்லட்டும்: "அந்தப் பெயர் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. அவர்கள் வரும்போது நாங்கள் இங்கேதான் இருந்தோம்."

இந்த ஒரு வசனத்தில் பிழையும் இல்லை, பகையும் இல்லை.

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் தங்களை என்ன பெயரால் சொன்னார்கள், அக்கம்பக்கத்தார் அவர்களை என்ன பெயரால் அழைத்தார்கள் என்பதைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் அது நம் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.